முதல் நாற்பது நாள்

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் உரக்கடையும் பூச்சிமருந்துக் கடையும் வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கும் தம்பிமார்களுக்கும் வணக்கம். எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். ஒருவருக்கு மட்டும் எழுதிப் பயனில்லை. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

மடல் எழுதுவதும் மறியல் செய்வதும் டெல்டாவுக்குப் புதிதில்லை. 2010இல் மன்னார்குடிப் பக்கம் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க ஒரு கம்பெனிக்கு உரிமம் போனதும் தொடங்கிய சண்டை அது. இயற்கை விவசாயம் பேசிய நம்மாழ்வார் 2013 டிசம்பர் 30 அன்று அத்திவெட்டியில் உயிர்விட்டது அந்தப் பிரசாரத்தின் நடுவில்தான். 2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் ஓஎன்ஜிசி குழாய் கசிந்து வயலில் எண்ணெய் பரவியது. ஊரே தெருவுக்கு வந்தது, தடியடி வாங்கியது, சிறைக்கும் போனது. 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தாமிர உருக்காலை, துத்தநாக உருக்காலை, தோல் பதனிடும் ஆலை, புது எண்ணெய்க் கிணறு என்று எவையெல்லாம் இங்கே வரக்கூடாது என்பதற்கு அதில் ஒரு பட்டியலே இருக்கிறது.

அந்தப் பட்டியலில் உங்கள் கடை இல்லை. இருக்க வேண்டும் என்பதும் என் கட்சி இல்லை. வெளியூர்க் கம்பெனி துளை போட வந்தால் நெஞ்சை நிமிர்த்துகிற நாம், நம் வயலில் நாமே ஊற்றுவதைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லையே என்பதுதான் என் வருத்தம். மேற்கேயிருந்து வரும் அழுக்கைப் பேச ஆட்கள் உண்டு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018இல் வெளியிட்ட பட்டியலில் மேட்டூர் தொடங்கி மயிலாடுதுறை வரை காவிரி மாசுபட்ட ஆறாகத்தான் குறிக்கப்பட்டது. சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் காவிரித் தண்ணீரில் வலி மாத்திரை, ரத்தக்கொதிப்பு மாத்திரை எச்சமெல்லாம் இருப்பதை 2021இல் எழுதினார்கள். சாயப்பட்டறைக் கழிவு பற்றி ஈரோட்டிலும் கரூரிலும் வழக்கு நடத்திக் களைத்தவர்கள் இருக்கிறார்கள். கல்லணைக்குக் கிழக்கே அந்தத் தண்ணீரில் நஞ்சு சேருவதற்குப் பெரிய ஆலை எதுவும் தேவைப்படவில்லை. முதுகில் தொங்கும் தெளிப்பான் போதுமாக இருக்கிறது.

ஐப்பசி மழை கொஞ்சம் வெறித்த ஒரு காலையில் கடைத்தெருவில் நின்று பார்த்தால் தெரியும். எக்ஸெல் வண்டியை நிறுத்திவிட்டு ஒருவர் வருகிறார். சட்டைப் பையிலிருந்து நாலைந்து நெல் இலைகளை எடுத்துக் கல்லாமேல் வைக்கிறார். சிஆர் 1009, நட்டு இருபத்தைந்து நாள் இருக்கும். இலை நீளவாக்கில் மடிந்து, இரண்டு ஓரங்களையும் புழு தன் நூலாலேயே சேர்த்துக் கட்டியிருக்கிறது. உள்ளே பச்சையைச் சுரண்டித் தின்றதால் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். "வயலே வெளுத்துக் கெடக்கு தம்பி" என்கிறார். நீங்கள் இலையைக் கையில் வாங்குவதில்லை. கை நேராக அலமாரிக்குப் போகிறது. "இது எரநூறு மில்லி, இந்தப் பொடி ஒரு பாக்கெட்டு, கூட ஒரு டானிக்கு. டேங்குக்கு மூணு மூடி. பணத்துக்கென்ன, டிபிசியில நெல்லு போட்டதும் பாத்துக்கலாம்." நோட்டில் பெயர் ஏறுகிறது. இரண்டு நிமிஷத்தில் வியாபாரம் முடிகிறது. நட்டு எத்தனை நாள் என்ற கேள்வி அதற்குள் வரவே இல்லை.

அந்தக் கேள்வியை உங்கள் கல்லாவுக்குக் கொண்டுவரத்தான் இந்த மடல்.

உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். உதவி வேளாண்மை அலுவலருக்கு ஊர்கள் பல. கையில் இருக்கும் வேலைகளில் பாதி காகித வேலை. பூச்சி விழுந்த அன்று அவரைத் தேடிப் பிடிப்பதற்குள் பயிர் வயசுக்கு வந்துவிடும். நீங்கள் விடிகாலையிலேயே கடையைத் திறக்கிறீர்கள். வங்கி சிட்டா, அடங்கல் கேட்கிறது. நீங்கள் முகத்தைப் பார்த்தே கடன் கொடுக்கிறீர்கள். எந்த வாய்க்காலில் யாருக்கு எத்தனை மா, யார் வயல் பள்ளக்கால், யாருடையது மேட்டுக்கால் என்பது உங்களுக்கு மனப்பாடம். டெல்டாவின் நிஜமான வேளாண் அதிகாரிகள் நீங்கள்தான். ஹைதராபாத் மேனேஜ் நிறுவனம் 2003இல் தொடங்கிய தேசி பட்டயப் படிப்பை உங்களில் பலர் முடித்திருக்கிறீர்கள். வயலுக்கே கூட்டிப்போய்ப் பாடம் நடத்தியிருப்பார்கள். ஆக, நான் சொல்லப்போவதில் பாதி உங்களுக்குத் தெரிந்ததுதான். தெரிந்தும் கல்லாவில் அது நடப்பதில்லை. கம்பெனிக்காரன் தரும் டார்கெட், எட்டினால் தங்கக் காசு, பாங்காக் பயணம், எட்டாவிட்டால் குடோனில் காலாவதித் தேதியை எண்ணிக்கொண்டிருக்கும் பெட்டிகள்: இந்த நெருக்கடியை விவசாயி அறிய மாட்டான். நான் ஓரளவு அறிவேன்.

இப்போது அந்த மடிந்த இலைக்கு வருவோம். இலைச் சுருட்டுப்புழு கண்ணுக்குப் பயங்கரமாகத் தெரியும். ஆனால் தூர் கட்டும் பருவத்தில் நெற்பயிர் இழந்த இலையைத் தானே ஈடுகட்டிக்கொள்ளும். புது இலை விடும், புதுத் தூர் வெடிக்கும். வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் பொருளாதார சேத நிலையே அந்தப் பருவத்தில் பத்து சதவீத இலைச்சேதம். வரப்பில் நின்று பார்க்கிறவருக்கு நாலு இலை வெளுத்தாலே பத்து சதவீதம்போல் தோன்றும். இறங்கி எண்ணினால் கணக்கு வேறு.

அந்தப் பருவத்தில் வயலில் வேறு என்ன நடக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. 1990களில் ஜாவாத் தீவின் நெல்வயல்களில் வில்லியம் செட்டில் என்பவரும் அவருடன் வேலை செய்தவர்களும் தண்ணீரையும் சேற்றையும் வாரி வாரிப் பார்த்து எண்ணினார்கள். 1996இல் வந்த அவர்கள் கட்டுரையின் சாரம் இது. நடவு முடிந்த முதல் வாரங்களில், பயிர் தின்னும் பூச்சி வருவதற்கு முன்பே, சேற்றில் மக்கும் தாளடியையும் தழையையும் தின்று கோடிக்கணக்கில் சின்னச் சின்ன ஈக்களும் நீர்ப்பூச்சிகளும் பெருகுகின்றன. அவை நெல்லை ஒன்றும் செய்வதில்லை. அவற்றைத் தின்றுதான் சிலந்தியும் நீர்த்தாண்டியும் தட்டானும் ஊசித்தட்டானும் பெருக்கம் கட்டுகின்றன. பின்னால் தத்துப்பூச்சியும் குருத்துப்பூச்சியும் வந்து இறங்கும்போது படை தயாராக இருக்கும். இருபத்தைந்தாம் நாள் நீங்கள் எடுத்துக்கொடுக்கும் இருநூறு மில்லி முதலில் தீர்த்துக்கட்டுவது இந்தப் படையைத்தான். புழு இலை மடிப்புக்குள் பத்திரமாக இருக்கிறது. சிலந்தி வெட்டவெளியில் இருக்கிறது.

புகையான் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். தை பிறக்கும் நேரத்தில் வட்ட வட்டமாகக் கருகி வயல் விழுவதைப் பார்த்த விவசாயிக்கு அந்தப் பெயரைச் சொன்னாலே வயிறு கலங்கும். புகையான் முட்டையை இலையுறையின் சதைக்குள் சொருகி வைக்கிறது. மேலே எதை அடித்தாலும் முட்டைக்கு எட்டாது. வளர்ந்த பூச்சி சாகும். கூடவே அதைத் தின்னும் ஓநாய்ச் சிலந்தியும், முட்டையை உறிஞ்சிக் குடிக்கும் மிரிட் நாவாய்ப்பூச்சியும் சாகும். ஒரு வாரம் கழித்துப் பொரிக்கும் குஞ்சுகளுக்குக் காலி மைதானம். முன்னைவிடப் பல மடங்கு பெருகும். இதற்காகத்தான் சிந்தெட்டிக் பைரித்ராய்டு வகைகள், குயினால்பாஸ், பென்தியான் போன்றவற்றைப் புகையானுக்கு அடிக்காதே, அடித்தால் அது திரும்பக் கிளம்பும் என்று பல்கலைக்கழகப் பயிர்ப் பாதுகாப்புக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். புகையானுக்கான சேத நிலையைக்கூட இரண்டாகப் பிரித்துச் சொல்கிறார்கள்: சிலந்தி இல்லாவிட்டால் தூருக்கு ஒரு பூச்சி, குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு. சிலந்திக்கு அரசாங்கக் கணக்கிலேயே மதிப்பு இருக்கிறது. உங்கள் கல்லாவில்தான் இல்லை.

இந்தோனேசியா இதைப் பட்டுத் தெரிந்துகொண்ட நாடு. எழுபதுகளில் பூச்சிமருந்துக்கு அரசே பெரும்பங்கு மானியம் கொடுத்து அடிக்கச் சொன்னது. அடிக்க அடிக்கப் புகையான் ஏறியது. லட்சக்கணக்கான டன் நெல் போயிற்று. 1986 நவம்பரில் அதிபர் சுகார்த்தோ ஓர் ஆணை போட்டு 57 மருந்துகளை நெல்லுக்கு அடிக்கக்கூடாது என்று நிறுத்தினார். சில ஆண்டுகளில் மானியமும் போனது. விளைச்சல் இறங்கவில்லை, ஏறியது. சுகார்த்தோவை நல்லவர் என்று சொல்ல நான் வரவில்லை. அந்த ஓர் ஆணை மட்டும் நல்ல ஆணை.

வியட்நாம் கதை நமக்கு இன்னும் பக்கத்துக் கதை, ஏனென்றால் மெகாங் டெல்டாவும் நம்மைப்போல வாய்க்கால் கட்டி நெல் போடும் மண். அங்கே 1990களில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஹியோங் என்ற பூச்சியியலாளர் விவசாயிகளிடம் பெரிய பாடமெல்லாம் நடத்தவில்லை. ஒரே ஒரு விஷயம் சொன்னார்: விதைத்த முதல் நாற்பது நாள் இலை தின்னும் புழுவுக்கு மருந்து அடிக்காதே, நம்பிக்கை இல்லையென்றால் வயலின் ஒரு மூலையில் மட்டும் அடிக்காமல் விட்டுப் பார். வானொலியில் சிரிப்பு நாடகமாகப் போட்டார்கள். மாங்கு மாங்கென்று அடித்துக்கொண்டிருந்தவர்கள் பாதிக்குப் பாதி குறைத்துவிட்டார்கள். விளைச்சல் அப்படியே நின்றது.

நம்மூர்க் கணக்குக்கு, நேரடி விதைப்பு என்றால் விதைத்த நாற்பது நாள். நடவு என்றால் நட்ட முப்பது நாள். அதுவரை இலை வெளுத்தது, இலை கிழிந்தது என்று வருகிறவருக்கு மருந்தை எடுத்துக் கொடுக்காதீர்கள். நான் கேட்க வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்குக் காரணம் சொல்வது.

விதிவிலக்கு உண்டு, மறைக்கவில்லை. பிந்தி நட்ட தாளடியில் ஆனைக்கொம்பன் விழுந்து, நடுக்குருத்து வெங்காயத்தாள்போலக் குழலாகி நிற்பது பத்து சதவீதம் தாண்டினால் அது வேறு விவகாரம். குருத்து காய்ந்து, இழுத்தால் கையோடு வருவது பத்து சதவீதத்தைத் தாண்டினாலும் அப்படியே. ஆனால் அப்போதுகூட முதலில் கேட்க வேண்டியது "எண்ணிப் பாத்தியாண்ணே?" என்பதுதான். குருத்துப்பூச்சி முட்டைக் குவியல் கண்ணில் பட்டால் டிரைக்கோகிரம்மா ஒட்டுண்ணி அட்டை இருக்கிறது. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1922இலிருந்து நம் மண்ணிலேயே இருக்கிறது. கேட்டால் வழி சொல்வார்கள். அட்டையை உங்கள் கடை குளிர்பெட்டியில் வைத்து விற்பதற்கு என்ன தடை? லாபம் குறைவு என்பது தெரியும்.

சரி, அடித்த மருந்து எங்கே போகிறது? டெல்டாவில் ஒருவர் வடிகால் அடுத்தவர் பாசனம். அடித்த அன்று ராத்திரி மழை பிடித்துக்கொண்டால் வயல் நிறைந்து மடையை வெட்டிவிட வேண்டியதுதான். காலையில் கன்னி வாய்க்காலைப் போய்ப் பாருங்கள். கெண்டைக் குஞ்சும் அயிரையும் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதக்கும். வயல் நண்டு தண்ணீரில் இருக்க முடியாமல் வரப்பேறிக் காலை மடக்கிக் கிடக்கும். பைரித்ராய்டு வகை மருந்துகள் மனுஷனுக்குச் சாது என்று சொல்லி விற்கப்படுகின்றன. ஒப்பிட்டுப் பார்த்தால் உண்மையும்கூட. ஆனால் மீனுக்கு அவை லிட்டர் தண்ணீரில் சில மைக்ரோகிராம் இருந்தாலே போதும். ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்குதான் மைக்ரோகிராம். நண்டும் இறாலும் பூச்சிக்குப் பங்காளி முறை, கணுக்காலி இனம். பூச்சியின் நரம்பைக் குறிவைத்துச் செய்த நஞ்சு அவற்றைச் சும்மா விடாது.

செத்த கெண்டையைக் கொக்கும் மடையானும் தின்கின்றன. வலிப்பு வந்து கிடக்கும் வெட்டுக்கிளி அவற்றுக்கு ஓடிப்பிடிக்கத் தேவையில்லாத இரை. அர்ஜென்டினாவில் 1995-96இல் வெட்டுக்கிளிக்கு மோனோகுரோட்டோபாஸ் அடித்த வயல்களில், வெட்டுக்கிளி தின்ன வட அமெரிக்காவிலிருந்து வலசை வந்த ஸ்வெயின்சன் பருந்துகள் ஆயிரக்கணக்கில் செத்து விழுந்தன. நமக்கும் வலசை விருந்தாளிகள் உண்டு. வடுவூர் ஏரியும் உதயமார்த்தாண்டபுரம் ஏரியும் 2022இல் ராம்சார் பட்டியலில் ஏறின. நாம் பலகை வைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டோம். இரண்டும் மேட்டூர்த் தண்ணீரில் நிறைகிற பாசன ஏரிகள். அங்கே இரவு தங்கும் நாரையும் அரிவாள்மூக்கனும் பகலில் மேய்வது ஏரிக்குள் மட்டும் இல்லை; சுற்றியுள்ள வயல்களிலும்தான். குருணை மருந்தைத் தூவும்போது அது பறவைக்கு மணியாகத் தெரிகிறது என்பதையும் மறக்க வேண்டாம். அமெரிக்காவில் கார்போபியூரான் குருணையைத் தொண்ணூறுகளில் ஏறக்குறைய முற்றாக நிறுத்தியதற்குக் காரணம் பறவைச் சாவுதான்.

தவளையைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு காலத்தில் இந்தியா தவளைக்காலை உறையவைத்து வெளிநாட்டுக்கு அனுப்பியது. 1987இல் அதை நிறுத்தினார்கள். தவளை போனால் வயலில் பூச்சி பெருகும் என்ற கவலையும் ஒரு காரணம். ஏற்றுமதிக்காரனிடமிருந்து தவளையைக் காப்பாற்றிவிட்டு நாம் என்ன செய்தோம் என்பதை முன்னிரவில் வயல்பக்கம் போய்க் காதால் கேட்டுக்கொள்ளலாம்.

எலிக்கு வாருங்கள். ஊர்ப் பெயரையே தாங்கிய தஞ்சாவூர்க் கிட்டி இருக்கிறது, மூங்கிலும் கயிறும்தான். வயலில் பனைமட்டையைத் தலைகீழாக நட்டு வைத்தால் ராத்திரி கூகை வந்து உட்கார்ந்து எலி பிடிக்கும். புரோமாடையலோன் தின்ற எலி உடனே சாவதில்லை. நாலைந்து நாள் தள்ளாடி நடமாடும், நஞ்சு அதன் ஈரலில் இருக்கும். கூகைக்குக் கிடைக்கும் முதல் எலி அதுதான். எலியைக் கொல்ல வாங்கியது எலி பிடிப்பவனையும் கொல்கிறது.

வரப்புக்கு அடிக்கும் களைக்கொல்லி தனிக்கதை. கிளைபோசேட்டைப் பூச்சிக்கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்கள் மூலமாக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் ஆணையிட்டது. உங்கள் கடை அலமாரியில் அது இருக்கிறதா இல்லையா என்பதை நான் கேட்கவில்லை. நீங்களே ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள். வரப்புப் புல் மாட்டுக்கு. ஆரைக்கீரையும் பொன்னாங்கண்ணியும் களையெடுக்க வரும் பெண்களின் மடியில் வீட்டுக்குப் போவது. மஞ்சளாகக் காய்ந்த வரப்பிலிருந்து எதைப் பறிப்பது?

இதையெல்லாம் விட என்னை உறுத்துவது அடிக்கிறவர் விஷயம். வயல் ஒருவருடையது, மருந்து அடிக்க வருகிறவர் பெரும்பாலும் நிலம் இல்லாதவர். டேங்க் கணக்கில் கூலி, அதனால் எத்தனை டேங்க் இறக்க முடியுமோ அத்தனை. கைலியை மடித்துக் கட்டி, துண்டால் மூக்கை மூடி, வெறுங்காலில் சேற்றில் நடக்கிறார். முன்னால் தெளித்த ஈரத்துக்குள்ளேயே அடுத்த அடி எடுத்து வைக்கிறார். மதியத்துக்கு மேல் தலை கிறுகிறுப்பு, கண்ணில் நீர், வாயில் எச்சில் ஊறல், கை நடுக்கம். "வெயிலு" என்கிறார்கள். பாதி நேரம் அது வெயில் இல்லை. ஆர்கனோபாஸ்பரஸ் வகை நஞ்சு நரம்புக்கும் தசைக்கும் நடுவே சேதியை நிறுத்தும் நொதியைக் கட்டிப்போடுகிறது. சேதி நிற்காமல் அடித்துக்கொண்டே இருக்கிறது. பூச்சியின் உடம்பிலும் அதே நொதி, மனுஷன் உடம்பிலும் அதே நொதி. மகாராஷ்டிர மாநிலம் யவத்மாலில் 2017இல் பருத்திக்கு மருந்து அடித்த விவசாயிகளும் கூலிக்காரர்களுமாக இருபதுக்கு மேற்பட்டோர் செத்தார்கள். அன்று செய்தித்தாளில் வந்ததால் நமக்குத் தெரியும். இரண்டு மூன்று மருந்தைக் கலந்து அடிப்பது அங்கேயும் நடந்தது. எந்தக் கலவை எந்த ஆய்வுக்கூடத்தில் சோதிக்கப்பட்டது? "மூணையும் ஒண்ணா ஊத்தி அடிங்க" என்ற வாக்கியம் எந்தப் பாட்டில் லேபிளிலும் இல்லை. அது கல்லாவில் பிறந்த வாக்கியம்.

பாட்டிலில் இருக்கும் முக்கோணம் உங்களுக்குப் பாடம்: சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை. வாங்குகிறவருக்குத் தெரியாது, நீங்களும் சொல்வதில்லை. தமிழ்நாடு அரசு மோனோகுரோட்டோபாஸ், புரோபெனோபாஸ், அசிபேட், குளோர்பைரிபாஸ் உள்ளிட்ட ஆறு மருந்துகளை 60 நாளுக்குத் தடைசெய்தது நினைவிருக்கும். 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தில் மாநிலத்துக்குக் கிடைப்பது தற்காலிகமாக நிறுத்தும் அதிகாரம்தான். மோனோகுரோட்டோபாஸ் 36 எஸ்எல் வடிவத்துக்கு முடிவுகட்ட மத்திய அரசு 2023இல் ஆணை போட்டது, இருப்பு தீர அவகாசமும் கொடுத்தது. 2013 ஜூலையில் பீகாரில் மதிய உணவு சாப்பிட்ட 23 பிள்ளைகள் செத்தது இந்த மருந்து கலந்த சாப்பாட்டால். அதற்குப் பிறகும் பத்து வருஷம்.

அக்கரையில் இலங்கை இரண்டு பாடம் வைத்திருக்கிறது. ஒன்று: 1995இல் மிகக் கொடிய நஞ்சு வகைகளையும், 1998இல் எண்டோசல்பானையும், பிறகு பாராகுவாட் முதலியவற்றையும் ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். இருபது வருஷத்தில் அந்த நாட்டின் தற்கொலை விகிதம் எழுபது சதவீத அளவுக்கு இறங்கியது. நெல் விளைச்சல் இறங்கவில்லை. கோபத்தில் கை நீட்டினால் எட்டும் தூரத்தில் கொடிய நஞ்சு இல்லை, அவ்வளவுதான் நடந்தது. இரண்டாவது: 2021இல் ராத்திரியோடு ராத்திரியாக எல்லா ரசாயன உரத்தையும் மருந்தையும் நிறுத்தினார்கள். விளைச்சல் சரிந்தது, விவசாயி தெருவுக்கு வந்தான், நவம்பரிலேயே ஆணையைத் திரும்பப் பெற்றார்கள். என் நண்பர்கள் சிலருக்கு முதல் பாடம் மட்டும் பிடிக்கும். உங்களில் பலருக்கு இரண்டாவது மட்டும் பிடிக்கும். எனக்கு இரண்டும் ஒரே பாடமாகத்தான் தெரிகிறது: எதை, எப்போது நிறுத்துவது என்று தெரிந்து நிறுத்த வேண்டும். கடையை மூடச் சொல்லவோ, நாளைக்கே எல்லோரும் மாப்பிள்ளைச் சம்பாவுக்கு மாறச் சொல்லவோ நான் வரவில்லை. நாற்பது நாள் கேட்கிறேன்.

இதில் உங்களுக்கு நட்டம் எவ்வளவு என்று யோசித்துப் பார்த்தேன். முதல் அடி விற்காமல் போகும். அந்த முதல் அடிதான் இரண்டாவது, மூன்றாவது அடிகளை இழுத்துவருகிறது என்பதால் அவற்றிலும் கொஞ்சம் போகும். இன்னொரு பக்கம், உங்கள் நோட்டில் நிற்கும் கடன் யாருடைய பணம்? அறுவடை முடிந்து மிஷின் வாடகை, ஆள் கூலி, கூட்டுறவுக் கடன் எல்லாம் போக மிச்சம் இருந்தால்தான் உங்களுக்கு வரும். மருந்துச் செலவு குறைந்த விவசாயியிடம் வசூல் சுலபம். போன தாளடியில் புகையானுக்கு நாலு தரம் அடித்தும் வயலை விட்டவர்கள் பெயர் உங்கள் நோட்டில் இன்னும் அடிக்கப்படாமல் இருக்கும். யூரியாவை அள்ளிப் போடாமல் இலை வண்ண அட்டை பார்த்துப் போடச் சொல்வது, எட்டடிக்கு ஓரடி பட்டம் விட்டு நடச் சொல்வது, தண்ணீரைக் காயவிட்டுப் பாய்ச்சச் சொல்வது: இவற்றுக்குக் காசு வாங்க முடியாது. ஆனால் நாலு வருஷம் கழித்தும் அதே ஆள் உங்கள் கடைக்கே வருவார்.

இப்போது, ஏன் எல்லோருக்கும் சேர்த்து எழுதினேன் என்பது. உங்களில் நல்ல மனசு உள்ள ஒருவர், "முப்பது நாள் ஆகட்டும்ணே, இப்ப வேணாம்" என்று சொல்கிறார் என்று வையுங்கள். வந்தவர் என்ன செய்வார்? "இவருகிட்ட சரக்கு இல்ல போல" என்று நாலு கடை தள்ளிப் போவார். அங்கே இரண்டு நிமிஷத்தில் வாங்கிவிடுவார். அடுத்த முறை உரத்துக்கும் அங்கேதான் போவார். நல்லது சொன்னவருக்குத் தண்டனை. ஆகவே இது ஒரு கடை எடுக்கும் முடிவாக இருக்க முடியாது; ஒரு கடைத்தெரு எடுக்கும் முடிவாகத்தான் இருக்க முடியும். ஒவ்வொரு ஊரிலும் உங்களுக்குச் சங்கம் இருக்கிறது. உரத்துக்கு ஒதுக்கீடு வராதபோது கூடுகிறீர்கள். கமிஷன் குறைந்தால் கூடுகிறீர்கள். ஒருதரம் இதற்காகவும் கூடுங்கள். ஒரத்தநாடோ, பாபநாசமோ, நீடாமங்கலமோ, ஏதாவது ஒரு கடைத்தெரு, ஒரே ஒரு சம்பா. எல்லாக் கடையிலும் ஒரே மாதிரி ஒரு பலகை: விதைத்து நாற்பது நாள், நட்டு முப்பது நாள் ஆகாத நெல்லுக்கு வேளாண் அலுவலர் சீட்டு இல்லாமல் பூச்சிமருந்து இல்லை. பில்லில் பயிரின் வயதையும் ஒரு கட்டத்தில் எழுதுங்கள். சீட்டு எழுத அலுவலரைக் கடைத்தெருவிலேயே வாரம் ஒருநாள் உட்கார வைக்கச் சொல்லி நீங்களே கேளுங்கள். நீங்கள் கேட்டால் துறை மறுக்காது, நாங்கள் கேட்டால் மனுவாக வாங்கி வைத்துக்கொள்ளும். சந்தேகப்படுகிறவருக்கு வியட்நாம் வழி இருக்கிறது: ஒரு மா மட்டும் அடிக்காமல் விடட்டும், அறுவடையில் மூட்டையை எண்ணட்டும்.

காலிப் பாட்டிலையும் இதோடு பேசி முடித்துவிடுங்கள். மதகுப் பலகையில் அடைத்துக்கொண்டு நிற்பவை எல்லாம் உங்கள் கடைச் சரக்கு. லேபிள்கூட நனைந்து போகாமல் இருக்கிறது. திருப்பிக் கொண்டுவந்தால் பாட்டிலுக்கு ஐந்து ரூபாய் கழிவு என்று சொல்லுங்கள், மொத்தத்தையும் கம்பெனி வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். ஏற்ற மாட்டேன் என்றால் அடுத்த டார்கெட் பேச வரும்போது அந்த மூட்டையை நாற்காலியில் உட்கார வையுங்கள்.

மேட்டூரில் ஜூன் 12 அன்று தண்ணீர் திறந்தால் குறுவைக்கு அவகாசம் இருக்காது என்பது தெரியும். சம்பாவுக்கு நாள் இருக்கிறது. ஆவணி பிறப்பதற்குள் கூட்டம் போட்டால் போதும். எங்கள் தரப்பிலிருந்து வந்து உட்காரச் சொன்னால் வருகிறோம். டீ எங்கள் செலவு.

இப்படிக்கு,
ஒரத்தநாடு வட்டத்திலிருந்து
உங்கள் நோட்டில் பெயர் உள்ள ஒருவன்